பிரித்து மேய்வதா, மேலே மூடுவதா?

கீழ்பென்னாத்தூர் பக்கம் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறந்தால் முதலில் தேடுவது குண்டானையும் வாளியையும்தான். போன வருடம் ஒழுகிய இடம் இந்த வருடமும் ஒழுகும். புதிதாக ஓரிடமும் சேர்ந்துகொள்ளும். மழை விட்டதும் மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள். அவர் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்ப்பார். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஓட்டப் பிரிச்சா வேல இழுத்துக்கும்ண்ணா. அப்பிடியே மேல ஷீட்டப் போட்டு மூடிடலாம். மூணு நாள்ல முடிச்சுத் தர்றேன்."

மூன்று நாளில் முடியும் என்பது உண்மைதான். முடிந்த பிறகு அந்த ஷீட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

கூரை வேலை செய்கிறவர்களிடம் 'பிரித்து மேய்வது' என்று ஒரு வழக்கு உண்டு. பழைய கீற்றையும் கரும்புத் தோகையையும் முழுக்க இறக்கிவிட்டு, கழியைக் கையால் தொட்டுப் பார்த்து, நைந்த கட்டை அறுத்துப் புதுக் கட்டுப் போட்டு, அதன் மேல் மேய்வது. ஓட்டை விழுந்த இடத்தில் நாலு கீற்றைச் செருகிவிட்டு இறங்குவது வேறு வேலை. ஒரு காரியத்தை அடி முதல் நுனி வரை அலசிச் செய்கிறவரைப் பார்த்து 'பிரித்து மேய்கிறார்' என்று இன்றும் சொல்கிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டு ஓடோ சீமை ஓடோ, நாற்பது ஐம்பது வருடம் ஆன கூரை பல இடங்களில் ஒழுகுகிறது என்றால் பிரித்துத்தான் மேய வேண்டும். மேலே மூடுவதற்கு நியாயம் உள்ள இடங்கள் இரண்டுதான். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஆயா வீடு

இருபதுக்கு முப்பது அடி, மண் சுவர், பனைவாரை, மேலே இரண்டு அடுக்கு நாட்டு ஓடு. குரங்குத் தொல்லையால் ஓடு உடைந்துகொண்டே இருந்தது. உடைந்த ஓட்டுக்கு மாற்று ஓடு கிடைக்கவில்லை, ஏறி அடுக்கிக் கொடுக்கவும் ஆள் இல்லை. மாமா ஓட்டின் மேலேயே சட்டம் அடித்துத் தகர ஷீட்டைப் போட்டு மூடினார். அன்றிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஐந்து மழைக்காலம் போனது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆறாம் வருடம் ஒரு மத்தியானம் கூடத்தில் வாரை ஒன்று முறிந்து, தன்மேல் இருந்த ஓட்டோடு கீழே விழுந்தது. ஆயா அப்போது திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அதனால் உயிர் பிழைத்தார். ஷீட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. சுவர் தலையில் கிடந்த கட்டையில் மேல்தோல் மட்டும் இருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் கரையான் புற்றுமண். சுவரைத் தொடும் இடத்தில் வாரைகளின் நுனி விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. ஓட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே எலி வளையும் இரண்டு அங்குலப் புழுதியும் இருந்தன.

ஓடு வெளியே தெரிந்த காலத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது மேலே ஏறுவார்கள். நாலு ஓட்டைத் தூக்குவார்கள், வாரையைப் பார்ப்பார்கள், கரையான் ஏறியிருந்தால் தட்டிவிடுவார்கள். ஷீட் போட்ட நாளிலிருந்து அந்தப் பார்வை நின்றுபோனது. ஒழுகல் என்பது கூரை நமக்குக் கொடுக்கும் தகவல். மாமா போட்ட ஷீட் கூரையைச் சரிசெய்யவில்லை. அந்தத் தகவல் நம்மிடம் வராதபடி மட்டும் செய்தது.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு நாள்

மேஸ்திரி சொல்லும் விலையைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் கூரையை நீங்களே பாருங்கள். ஒரு டார்ச், ஒரு ஏணி, ஒரு நீள ஆணி அல்லது திருப்புளி போதும்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவு சன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே இருந்து அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும் இடங்களைத் தரையில் சுண்ணாம்பால் குறியுங்கள். புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ஓடு உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே கோட்டில் வரிசையாக இருந்தால் அந்தக் கோட்டில் உள்ள ரீப்பரோ வாரையோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு தெருவில் கொஞ்ச தூரம் தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். முகடு நேர்கோடாக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் கோளாறு ஓட்டில் இல்லை, மரத்தில்.

அடுத்தது மரம். கூரை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. சுவர் ஓரத்தில் ஓர் இடம், இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாயில் ஓர் இடம், முகட்டில் ஓர் இடம் என்று மூன்று இடங்களில் மட்டும் பத்துப் பத்து ஓட்டை எடுத்துப் பாருங்கள். கெடுதல் முதலில் தொடங்குவது சுவர் ஓரத்தில். கரையான் மண் சுவர் வழியாக ஏறும். இறவாரத்தில் அடிக்கும் சாரலும் அங்கேதான் தங்கும். ஆணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை பதியும், அதற்கு மேல் போகாது. அரை அங்குலம் உள்ளே போனால் அந்த மரத்தை மாற்ற வேண்டும். வைரம் பாய்ந்த கறுத்த பனைவாரையைக் கரையான் சுலபத்தில் தொடாது. தட்டினால் கணீரென்று கேட்கும். வைரம் ஏறாத இளம்பனையில் அறுத்த வாரையைத் தட்டினால் 'பொத்' என்றுதான் கேட்கும்.

மூன்று இடத்திலும் மரம் நன்றாக இருந்து ஓடு மட்டும் உடைந்திருக்கிறதா? அப்படியென்றால் பிரித்து மேயவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். உடைந்த ஓட்டை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஒழுகுகிற வீடுகள் பலவற்றுக்கு இந்த ஒரு நாள் வேலையே போதுமானது. அதைச் செய்ய ஆள் கிடைக்காததால்தான் பேச்சு ஷீட்டில் போய் நிற்கிறது.

எடையும் காற்றும்

ஷீட் போடச் சொல்கிறவர்கள் சொல்லும் பெரிய காரணம், "தகரம் வெயிட்டே இல்லண்ணா" என்பது. அது உண்மை. ஆனால் ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுவருக்குச் சுவர் 20க்கு 30 அடி வீடு. சுற்றிலும் இரண்டடி இறவாரம் சேர்த்தால் 24க்கு 34, அதாவது 816 சதுர அடி. கூரைச் சரிவு 30 பாகை என்றால் சரிவின் பரப்பு இதைவிட சுமார் 15 சதவீதம் கூடுதலாக வரும். ஆக ஏறத்தாழ 940 சதுர அடி, அதாவது ஒன்பதரை சதுரம். (சிலர் தரைப் பரப்பைச் சொல்லி விலை பேசிவிட்டு, கடைசியில் சரிவுப் பரப்புக்குப் பணம் கேட்பார்கள். இந்தக் கணக்கை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.)

ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, இரண்டு அடுக்கு நாட்டு ஓடு ரீப்பரோடு சேர்த்து சுமார் 1,100 கிலோ. சீமை ஓடு 400 முதல் 600 கிலோ வரை. பழைய சிமெண்ட் ஷீட் சுமார் 150 கிலோ. அரை மில்லிமீட்டர் தகர ஷீட் வெறும் 45 கிலோ. அப்படிப் பார்த்தால் எங்கள் ஆயா வீட்டு வாரைகள் பத்து டன்னைத் தாங்கிக்கொண்டிருந்தன. மேலே போட்ட தகரம் அரை டன்கூட இருக்காது. எடையால் அந்தக் கூரை விழவில்லை.

இனி காற்று. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஒரு சதுரத்துக்கு சுமார் 440 கிலோ. சரிவான கூரையில் இந்த விசை பல இடங்களில் கூரையை மேல்நோக்கி இழுக்கும். இறவார ஓரத்திலும் முகட்டிலும் இழுப்பு இன்னும் அதிகம். ஓடு தன் எடையாலேயே உட்கார்ந்திருக்கும். அதோடு ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருப்பதால் காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும், இழுப்பும் குறையும். ஆகப்போனால் ஓரத்து ஓடு நாலு பறக்கும். 45 கிலோ தகரத்துக்கு அந்த எடையும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. கட்டி வைத்தால்தான் அது உட்காரும். எதில் கட்டுகிறோம்? ஓட்டின் மேல் சட்டம் அடித்து மூடும்போது ஆணி இறங்குவது பழைய வாரையில். அந்த வாரையோ மண் சுவர் மேல் சும்மா படுத்திருக்கிறது. சுவரோடு அதைப் பிணைக்கும் கட்டு எதுவும் இல்லை. அது நூறு வருடமாகக் கீழ்நோக்கிய சுமையைத் தாங்கப் பழகிய மரம். மேல்நோக்கி இழுத்தால் அதனிடம் பதில் இல்லை.

கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவில் உள்ள ஊர். கடல் தொலைவில் இருக்கிறது, புயல் நம்மை என்ன செய்யும் என்ற நினைப்பு இங்கே உண்டு. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் அது விரைந்து நகரவில்லை. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மயிலமும் திருவண்ணாமலையும் எங்களுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இருக்கின்றன. அப்படி விடாமல் பெய்யும் மழையில் மண் சுவரின் தலை ஊறிவிடும். ஊறிய மண்ணில் ஆணியும் நிற்காது, கட்டும் நிற்காது.

ஓட்டின் மேல் இன்னொரு கூரை போடும் ஆசை நமக்கு மட்டும் இருப்பதல்ல. அமெரிக்காவில் தார் ஏற்றிய மெல்லிய பட்டைகளை ஓடு போல அடுக்கிக் கூரை போடுகிறார்கள். இருபது முப்பது வருடத்தில் அவை நைந்ததும், பழையதைப் பிரிக்காமல் மேலே ஓர் அடுக்கு போடுவது அங்கேயும் வழக்கம். ஆனால் அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பு இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தால் மூன்றாவது போடக் கூடாது. அடியில் உள்ளது ஊறிப்போயோ கெட்டோ இருந்தால் மேலே போடக் கூடாது. அடியில் உள்ளது சுட்ட மண் ஓடாகவோ கல்நார் சிமெண்ட் ஓடாகவோ இருந்தால் அதன் மேல் நேராகப் போடவே கூடாது. நம் நாட்டு ஓட்டையும் சீமை ஓட்டையும் பார்க்காதவர்கள் எழுதிய விதிதான். நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

மூடலாம் என்று நான் சொல்லும் இரண்டு இடங்கள்

ஒன்று, மரம் நன்றாக இருக்கிறது, இந்த வருடம் பிரித்து மேயப் பணம் இல்லை, வீட்டில் படுத்த படுக்கையாக வயதானவர் இருக்கிறார், வீட்டைக் காலி செய்ய முடியாது. அப்போது ஷீட் போடலாம். ஆனால் பழைய கூரையில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது. வீட்டைச் சுற்றிக் கருங்கல் காலோ இரும்புக் குழாயோ தரையில் குழிதோண்டி நட்டு, அதன் மேல் தனியாகச் சட்டம் கட்டி, ஓட்டுக்கு மேலே ஓர் ஆள் குனிந்து போகும் அளவு இடம் விட்டு ஷீட் போட வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் வருடா வருடம் போய்ப் பார்க்க முடியும், வெப்பமும் அடங்கும். ஓட்டின் மேலேயே ஒட்டிப் போட்ட தகரம் சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி ஆகிவிடும். ஓடு மூச்சு விடும் பொருள். அதன் சந்துகள் வழியாக உள்ளே உள்ள சூடு மேலே ஏறிப் போகும். தகரத்தை ஒட்டி வைத்தால் அந்த வழி அடைபடும்.

இரண்டு, தட்டையான தளம். மச்சு வீடானாலும் கான்கிரீட் வீடானாலும், தளம் உறுதியாக இருந்து வெயிலும் ஒழுகலும் மட்டுமே தொந்தரவு என்றால், மாடியில் குழாய் நட்டு ஷீட் போடலாம். குழாயைத் தளத்தின் நடுவில் துளைபோட்டு நிறுத்தாமல் சுவர் வரும் இடங்களில் நிறுத்த வேண்டும்.

எந்த ஷீட்டானாலும் மழைக்காற்று வரும் திசை நமக்கு வடகிழக்கு. ஆகவே முதல் ஷீட்டைத் தென்மேற்கு ஓரத்தில் தொடங்கி வடகிழக்கு நோக்கி வாருங்கள். அடுத்தடுத்த ஷீட் முந்தையதன் மேல் ஏறும்போது திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மாற்றி அடுக்கினால் காற்று விளிம்புக்குள் விரலை விட்டுத் தூக்கும். இறவார ஓரத்திலும் முகட்டு ஓரத்திலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ அடியுங்கள். நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு போதும். பள்ளத்தில் ஸ்க்ரூ அடித்தால் தண்ணீர் அதன் தலையைக் கழுவிக்கொண்டே ஓடும், ரப்பர் வாஷர் நைந்த வருடமே ஒழுகத் தொடங்கும்.

பழைய சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் கலந்திருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுதாக இருக்கும் ஷீட்டால் பெரிய ஆபத்து இல்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளைபோடும்போதும் கிளம்பும் தூசுதான் நுரையீரலுக்குள் போகும். அதன் மேல் தகரத்தை வைத்து நூறு இடத்தில் துளைபோடுவது அதனால் தவறு. தண்ணீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் நல்ல முகக்கவசத்தால் மூடி, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குங்கள். குழந்தைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இறக்கிய ஷீட்டை உடைத்து வாசலில் பள்ளம் நிரப்புவதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பிரித்து மேயும் வேலை

காலம் முக்கியம். தை அறுவடை முடிந்து கை ஓய்ந்ததும் தொடங்கி, சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் பகுதியில் ஆடி ஆவணியிலேயே மாலையில் இடிமழை வந்துவிடும். ஐப்பசிதானே மழை என்று வைகாசிக்கு மேல் பிரித்தவர்கள் தார்ப்பாயோடு போராடியிருக்கிறார்கள். கார்த்திகை பற்றிச் சொல்லவே வேண்டாம். மழையும் இருக்கும், தீபத்துக்கு ஊரே அண்ணாமலைக்குப் போயிருக்கும், ஆளும் கிடைக்காது.

ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. வாரைகளின் மேல் குறுக்காகப் பலகையோ ஏணியோ போட்டு அதில் நடக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஓட்டுக்கடியில் ஓடும் பழைய வயரை எல்லாம் கழற்றிவிடுங்கள். பிரிப்பது முகட்டிலிருந்து கீழே. இரண்டு சரிவையும் மாறி மாறிச் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கம் முழுவதையும் இறக்கிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால், ஐந்து டன் சுமை ஒரு சுவரை மட்டும் தள்ளும். மண் சுவர் பொறுக்காது.

இறக்கிய ஓட்டைக் குப்பை என்று நினைக்காதீர்கள். சீமை ஓடு இந்த நாட்டுக்கு வந்த கதை நீளமானது. பாசல் மிஷன் என்ற ஜெர்மன், சுவிஸ் பாதிரிமார் சபை 1865இல் மங்களூரில் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதனால்தான் அது மங்களூர் ஓடு. நல்ல களிமண்ணில் அழுத்தி வார்த்து நன்றாகச் சுட்ட பழைய ஓடு, இன்றைக்கு வரும் சில ஓடுகளைவிட உறுதியானது. மூன்று சோதனை செய்யுங்கள். ஓட்டைத் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் வையுங்கள், கரகரத்தால் உள்ளே விரிசல், ஒதுக்குங்கள். பிறகு முதுகில் தண்ணீர் விட்டு அடிப்பக்கம் சொட்டுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, பத்து ஓட்டுக்கு ஓர் ஓடு எடுத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. இரண்டரை கிலோ ஓடு மூன்று கிலோவைத் தாண்டினால் அந்தக் குவியலை முகப்புக்கு வேண்டாம், மாட்டுக் கொட்டகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்துக்கு சீமை ஓடு சுமார் 140 தேவை. உடையும் கணக்குக்குப் பத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓடு இறங்கியதும் ஆசாரியை வைத்து ஒவ்வொரு வாரையையும் பாருங்கள். நல்ல வாரையின் சுவர் நுனி மட்டும் கெட்டிருந்தால், அந்த நுனியை அறுத்துவிட்டுப் பக்கவாட்டில் துணைக்கட்டை வைத்து போல்ட் போட்டுக் காப்பாற்றலாம். பனையைப் புதிதாகத் தேடுவது இப்போது எளிதல்ல. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. நம் மாநில மரம் அது, அறிவிப்பு சரியானதே. அதனால் கையில் இருக்கும் வைரப்பனையை விறகுக்குப் போடாதீர்கள். மாற்றாக வேண்டிய இடத்தில் இரும்புக் குழாய் போடலாம்.

சுவர் தலையில்தான் அதிகப் பணத்தைச் செலவிட வேண்டும். இது என் அனுபவம். பழைய கட்டையை எடுத்துவிட்டு, மண் சுவரின் மேல் ஓர் அடிக்குச் செங்கல் வைத்துச் சிமெண்ட் பட்டை ஓட்டுங்கள். பட்டையிலிருந்து இரும்புக் கம்பியோ பட்டைத் தகடோ சுவருக்குள் மூன்றடியாவது இறங்கியிருக்கட்டும். வாரைகளை அந்தக் கம்பியில் பிணைத்துவிடுங்கள். இது கரையானின் வழியையும் மறிக்கும், புயலில் கூரையையும் பிடித்துக்கொள்ளும். பிரித்த பிறகு ஓட்டை விட்டுவிட்டு ஷீட்தான் போடப்போகிறேன் என்பவர்களுக்கு இந்தப் பிணைப்பு இன்னும் அவசியம். பத்து டன்னை இறக்கிவிட்டு அரை டன்னை ஏற்றுகிறீர்கள். இதுவரை கூரையை அழுத்திப் பிடித்திருந்தது அந்தப் பத்து டன்தான்.

மறுபடி அடுக்கும்போது ரீப்பர் இடைவெளியை உங்கள் ஓட்டை வைத்து அளந்து அடியுங்கள், கடைக்காரர் சொல்லும் பொது அளவில் அடிக்க வேண்டாம். இறவாரத்திலிருந்து முகட்டுக்கு அடுக்குங்கள். ஓரத்து இரண்டு வரிசை ஓடுகளையும் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். கூடுவாயில் துருப்பிடிக்காத தகடு அடியில் வர வேண்டும். முகட்டு ஓட்டைச் சிமெண்ட் மட்டும் வைத்துப் பூசினால் வெயிலில் வெடிக்கும். சுண்ணாம்பு கலந்த சாந்து கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

கான்கிரீட் தளம் ஒழுகினால்

ஓட்டு வீட்டைப் பற்றியே எழுத நினைத்தேன். ஆனால் மேலே மேலே போடும் பழக்கம் கான்கிரீட் வீடுகளில் இன்னும் மோசமாக இருப்பதால் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துப் போட்ட நாலங்குலத் தளம் இருக்கும், அதன் மேல் தட்டோடு. அது மட்டுமே ஒரு சதுரத்துக்கு ஒன்றே முக்கால் டன் எடை. ஒழுகியதும் அதன் மேல் இன்னொரு தளம், இன்னொரு தட்டோடு என்று போடுகிறார்கள். ஆறு சதுர வீட்டுக்குப் புதிதாகப் பத்து டன். அந்தத் தளத்தில் உள்ள கம்பி அதற்காகக் கணக்குப் போட்டு வைத்ததல்ல. பழைய அடுக்கில் தங்கிய ஈரமும் இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும்.

சுத்தியலின் பின்கட்டையால் தட்டோட்டைத் தட்டிக்கொண்டே நடங்கள். 'டொப்' என்று உள்ளே காலியாகக் கேட்கும் இடங்கள் கால்வாசிக்கு மேல் இருந்தால் முழுக்க எடுத்துவிட்டுப் போடுவதுதான் வழி. வீட்டுக்குள் சீலிங்கிலிருந்து காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது என்றால், மேலே எதையும் போடாதீர்கள், எதையும் பூசாதீர்கள். முதலில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிவந்து கம்பியைக் காட்டுங்கள்.

பணம்

விலையை நான் எழுதப்போவதில்லை. இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வரும்போது அது மாறியிருக்கும். கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்கிறேன். மேஸ்திரியிடம் இரண்டு விலை கேளுங்கள். ஒன்று, இப்போது மூடுவதற்கு. இன்னொன்று, பத்து வருடம் கழித்து அந்த ஷீட்டையும் கழற்றி, அடியில் இருக்கும் ஓட்டையும் இறக்கி, மரத்தையும் மாற்றுவதற்கு. மூடுவது செலவைத் தள்ளிப்போடும், குறைக்காது. எங்கள் ஆயா வீட்டில் மாமா இரண்டு செலவையும் செய்தார். முதலிலேயே பிரித்திருந்தால் நாலு வாரையும் சுவர்க்கட்டையும் மாற்றியதோடு முடிந்திருக்கும். கடைசியில் ஒரு வாரைகூட மிஞ்சவில்லை.

குடிசை வீட்டில் இருப்பவர்கள் கூரைக்கு மேல் ஷீட் வாங்குவதற்கு முன்னால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊரகப் பகுதிக் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். இது சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு. கீழ்பென்னாத்தூர் பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் நகர்ப்புற வீட்டுத் திட்டங்களைப் பற்றிப் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

வேலை முடிந்து ஆட்கள் கிளம்பும் அன்று, மிஞ்சிய ஓட்டை வண்டியில் ஏற்ற விடாதீர்கள். சோதனையில் தேறிய நூறு ஓட்டை எண்ணி, பின்பக்கச் சுவரோரம் நிறுத்தி அடுக்கி வையுங்கள். ஒவ்வொரு பங்குனியிலும் ஏணி போட்டு ஏறி, உடைந்ததை அதிலிருந்து எடுத்து மாற்றுங்கள். உங்கள் கூரையில் இருக்கும் அதே அச்சு ஓடு கடையில் கேட்டால் கிடைக்காது.